படுத்ததும் ஏறும் நெஞ்செரிச்சல்: சாப்பாட்டையும் பழக்கத்தையும் மாற்றி எவ்வளவு தூரம் சமாளிக்கலாம்?

இரவுவிழிப்பு:

வாரத்தில் மூன்று, நான்கு இரவு நெஞ்செரிச்சல். பகலில் அவ்வளவாக இல்லை. படுத்து ஒரு மணி நேரத்துக்குள் நடுநெஞ்சில் எரியத் தொடங்கி, சில நாள் தொண்டை வரை புளிப்பாக எதுக்களிக்கிறது. வயது 41. எண்டோஸ்கோபியில் பெரிதாக ஒன்றுமில்லை என்றார்கள். அமிலச் சுரப்பை அடக்கும் பான்டோபிரசோல் மாத்திரை 40 மி.கி. 8 வாரம். சாப்பிட்டவரை நிம்மதி, நிறுத்திய ஒரே வாரத்தில் முன்பைவிட மோசம்.

இரவுச் சாப்பாடு 9:30, படுக்கை 10:30. காரத்தை ஒரு மாதமாக அடியோடு விட்டாயிற்று, வித்தியாசம் தெரியவில்லை. மூன்று தலையணை அடுக்கியதில் கழுத்துவலிதான் மிச்சம். படுக்கும் முன் பால் குடித்தால் இதமாக இருக்கிறது, ஆனால் நள்ளிரவில் எழுப்பிவிடுகிறது.

தேடிப் பார்த்தால் 'சாப்பிடக் கூடாதவை' என்று ஐம்பது பொருள் கொண்ட பட்டியல்தான் எங்கும் கிடைக்கிறது. எல்லாவற்றையும் விட்டால் என்னதான் சாப்பிடுவது? எதை முதலில் மாற்றுவது, எத்தனை நாள் பார்ப்பது, கட்டிலை உயர்த்துவதென்றால் எவ்வளவு, எப்படி? சமையல் சோடா, வினிகர் போன்றவற்றை நம்பலாமா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

---

மரப்பலகை:

காரத்தை விட்டும் மாறவில்லை என்பதில் வியப்பில்லை. நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்துவது 9:30-க்கும் 10:30-க்கும் நடுவே உள்ள அந்த ஒரு மணி நேரம்தான். தட்டில் என்ன இருந்தது என்பது அதற்குப் பிறகு பார்க்க வேண்டிய விஷயம்.

உள்ளே நடப்பது இது. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் 3 முதல் 4 செ.மீ. நீளத்துக்கு ஒரு சுருக்குத்தசை இருக்கிறது. அதை வெளியிலிருந்து உதரவிதானமும் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் மூச்சுத்தசை) கவ்விப் பிடித்திருக்கிறது. விழுங்கும்போது திறக்கும், பிறகு மூடிக்கொள்ளும். ஆனால் விழுங்காதபோதும் அவ்வப்போது தானாகத் தளரும், ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல்கூட. ஏப்பம் வெளியேற உடம்பு வைத்திருக்கும் வழி அது. இரைப்பையின் மேல்பகுதி எவ்வளவு உப்பி நிற்கிறதோ அவ்வளவு அடிக்கடி இந்தத் தளர்வு நடக்கும். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் காற்றோடு போய்விடும். படுத்திருந்தால் அந்த வாசலில் காற்றுக்குப் பதிலாகத் திரவம் வந்து நிற்கிறது.

பெரும்பாலானவர்களுக்கு அமிலம் அளவாகத்தான் சுரக்கிறது. அது இடம் மாறி மேலே வந்துவிடுவதுதான் சிக்கல். இரைப்பையின் உட்சுவருக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் சளிப்படலம் உண்டு. உணவுக்குழாய்க்கு அந்த அளவு காப்பு கிடையாது.

இரவில் இன்னொரு கெடுதலும் சேர்கிறது. விழித்திருக்கும்போது மேலே வந்த அமிலத்தை நாம் எச்சில் விழுங்கி விழுங்கியே கழுவிவிடுகிறோம். எச்சிலில் பைகார்பனேட் இருக்கிறது, மிச்ச அமிலத்தை அது முறித்துவிடும். தூங்கும்போது எச்சில் சுரப்பதும் விழுங்குவதும் ஏறக்குறைய நின்றுவிடும். பகலில் ஓரிரு நிமிடத்தில் கழுவப்படும் அதே அளவு அமிலம், இரவில் நெடுநேரம் அங்கேயே கிடக்கும். அதனால்தான் இரவு எதுக்களிப்பை அசட்டை செய்யக் கூடாது.

இனி கட்டில். தலைமாட்டுப் பக்கத்து இரண்டு கால்களுக்கும் அடியில் 15 முதல் 20 செ.மீ. உயரக் கட்டை. நுரை மெத்தை அழுந்தும் உயரத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள், கட்டையின் உயரம்தான் கணக்கு. 2 மீட்டர் கட்டிலுக்கு 18 செ.மீ. உயர்த்தினால் சாய்வு 5 பாகைதான் வரும். பார்க்கும்போது 'இதற்கா இவ்வளவு?' என்று தோன்றும், படுத்தால் தெரியும். கட்டையை வெறுமனே வைக்காதீர்கள். கட்டில் காலைவிட அகலமான மரக்கட்டை எடுத்து, மேலே 2 செ.மீ. ஆழத்துக்குக் குழி குடைந்து, அதற்குள் கால் உட்கார வேண்டும். அடியில் ரப்பர் துண்டு ஒட்டுங்கள். கால்மாடு சுவரைத் தொட்டபடி இருந்தால் கட்டில் நகராது. முதலிலேயே 20 செ.மீ. வைத்தால் காலை எழும்போது கால்மாட்டில் கிடப்பீர்கள். 10 செ.மீ.யில் தொடங்கி ஒரு வாரம் பழகிவிட்டு ஏற்றுங்கள்.

தலையணை அடுக்குவது ஏன் பலிக்கவில்லை? அது தலையையும் தோளையும் மட்டும்தான் தூக்குகிறது. உடம்பு இடுப்பில் மடிகிறது, வயிறு அழுந்துகிறது, இரைப்பைக்குள் அழுத்தம் கூடுகிறது. சில பேருக்கு இது தட்டையாகப் படுப்பதைவிட மோசம்.

பக்கம்: இடதுபுறம் ஒருக்களித்துப் படுங்கள். இரைப்பை இடப்பக்கமாகப் புடைத்த பை, உணவுக்குழாய் அதன் வலது மேல்விளிம்பில் வந்து சேர்கிறது. இடதுபுறம் படுத்தால் திரவம் பையின் அடியில் தேங்கும், வாசல் அதற்கு மேலே நிற்கும். வலதுபுறம் படுத்தால் வாசலே திரவத்துக்குள் மூழ்கும். தூக்கத்தில் புரண்டுவிடுபவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு கெட்டித் தலையணையை அண்டக் கொடுத்துக்கொள்ளலாம். இடது தோள் வலித்தால் முழங்கால்களுக்கு நடுவே ஒன்று, மார்போடு அணைத்துக்கொள்ள ஒன்று வையுங்கள், பாரம் பிரியும்.

---

அரைவயிறு:

மரப்பலகை படுக்கையைச் சொல்லிவிட்டார், நான் தட்டுக்கு வருகிறேன். அந்த ஐம்பது பொருள் பட்டியலை முதலில் தூக்கிப் போடுங்கள். அது யாருக்கோ எதுவோ ஒத்துக்கொள்ளாமல் போனதையெல்லாம் சேர்த்துக் கட்டிய மூட்டை. அமெரிக்க இரைப்பைக்குடல் மருத்துவர் கல்லூரியின் 2022 வழிகாட்டுதல்கூட எல்லாருக்கும் ஒரே தடைப்பட்டியல் போடவில்லை. எடை கூடியவர்கள் எடையைக் குறைப்பது, படுக்கும் முன் 2 முதல் 3 மணி நேரம் சாப்பிடாமல் இருப்பது, புகையை விடுவது, இரவில் தொந்தரவு இருந்தால் தலைமாட்டை உயர்த்துவது, அவரவருக்குத் தொந்தரவு தரும் உணவை மட்டும் தவிர்ப்பது. இவ்வளவுதான்.

உங்கள் கணக்கைப் பாருங்கள். திட உணவு இரைப்பையிலிருந்து பாதி இறங்கவே சுமார் 2 மணி நேரம் ஆகும், ஏறக்குறைய முழுதும் இறங்க 4 மணி நேரம். 9:30-க்குச் சாப்பிட்டு 10:30-க்குப் படுத்தால் நிரம்பிய பையைப் படுக்கப் போடுகிறீர்கள். அதில் காரம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

7:00 அல்லது 7:30-க்குச் சாப்பிட முடிந்தால் பாதி வேலை முடிந்தது. வேலை விட்டு வரவே ஒன்பது ஆகிறது என்றால் சாப்பாட்டை இரண்டாக உடையுங்கள். மாலை 6 மணி வாக்கில் இரவுச் சாப்பாட்டின் பெரும்பங்கு, அதாவது மாவுச்சத்து, பருப்பு, கொழுப்பு எல்லாம் அப்போதே. வீட்டுக்கு வந்த பிறகு வழக்கமான அளவில் மூன்றில் ஒரு பங்கு, எண்ணெய் குறைவாக, வேக வைத்ததாக. மதியச் சாப்பாட்டை நாளின் பெரிய சாப்பாடாக ஆக்கிக்கொள்ளுங்கள். பலர் செய்யும் தப்பு, மதியம் அரைகுறையாகத் தின்றுவிட்டு இரவில் பழி தீர்ப்பது.

'படுக்கும் முன் 3 மணி நேரம்' என்றால் அதில் பழமும் பாலும் பிஸ்கட்டும் அடக்கம். தண்ணீர் இரண்டு வாய் குடிக்கலாம்.

கொழுப்புக்குத் தனிக் கவனம் வேண்டும். கொழுப்பு சிறுகுடலில் பட்டதும் இரைப்பையை மெதுவாகக் காலி செய்யச் சொல்லிக் குடலிலிருந்து உத்தரவு போகிறது, வாசல்தசையும் இளகுகிறது. அளவும் முக்கியம், கொழுப்பும் முக்கியம், இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ராத்திரியில் பொரித்த உணவு வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். அதையே மதியம் கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டு நடமாடிக்கொண்டிருந்தால் பலருக்கு ஒன்றும் செய்யாது.

சாப்பிடும்போது ஒரு டம்ளர், அதாவது 200 மி.லி., தண்ணீர் போதும். மிச்சத்தை இரண்டு சாப்பாட்டுக்கு நடுவே குடியுங்கள். தண்ணீர் அமிலத்தைக் கெடுக்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை, பையின் கொள்ளளவுக்காகச் சொல்கிறேன்.

இனி சந்தேகப் பொருள்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு வழியில் தொந்தரவு செய்கிறது, அது தெரிந்தால்தான் தேட முடியும். சாக்லேட், புதினா, மது இவை வாசல்தசையை இளக்கும். 'வயிற்றுக்கு நல்லது' என்று சாப்பிட்ட பிறகு புதினா டீ குடிப்பவர்கள் கவனிக்கவும். வயிற்றுப் பொருமலுக்கு அது உதவலாம், நெஞ்செரிச்சலுக்கு எதிர்த்திசை. ஆரஞ்சு, எலுமிச்சை, தக்காளி இவை எதுக்களிப்பை உண்டாக்குவதைவிட, ஏற்கெனவே புண்பட்ட இடத்தில் நேராகப் பட்டு எரிப்பவை. நிலைமை ஆறியதும் இவற்றில் பலவற்றைத் திரும்பச் சாப்பிட முடியும். பச்சை வெங்காயமும் காற்றடைத்த பானங்களும் வாயுவால் இரைப்பையை உப்ப வைக்கும். அதே வெங்காயம் நன்றாக வெந்தால் பலருக்குத் தாங்குகிறது. காப்பி ஆளுக்கு ஆள் மாறும். வெறும் வயிற்றில் எரிந்து, சாப்பாட்டுக்குப் பின் எரியாவிட்டால் குறை நேரத்தில் இருக்கிறது, காப்பியில் இல்லை.

காரம்? மிளகாயின் காரப்பொருள், அமிலத்தால் தூண்டப்படும் அதே நரம்பு வாசலைத்தான் தட்டுகிறது. ஆகவே எரியும், உண்மைதான். ஆனால் எதுக்களிப்பு நிற்காதவரை காரத்தை விட்டுப் பயன் குறைவு. உங்கள் அனுபவம் அதைத்தான் காட்டுகிறது.

சோதிக்கும் முறையில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். ஒரே நாளில் பத்துப் பொருளை விட்டுவிட்டு, குறைந்ததும் எதனால் குறைந்தது என்று தெரியாமல் பத்தையும் வாழ்நாள் முழுக்க விலக்கிவைக்கிறார்கள். இப்படிச் செய்யுங்கள்: முதல் 2 வாரம் உணவில் எதையும் விலக்க வேண்டாம், நேரத்தையும் அளவையும் கட்டிலையும் மட்டும் மாற்றுங்கள். ஒரு நோட்டில் சாப்பிட்ட நேரம், என்ன, எத்தனை கை அளவு, படுத்த நேரம், எரிந்த நேரம், 0 முதல் 10 வரை மதிப்பெண் என்று எழுதுங்கள். பிறகும் மிச்சம் இருந்தால் ஒரே ஒரு சந்தேகப் பொருளை 2 வாரம் நிறுத்துங்கள். அப்புறம் அதே அளவு, அதே நேரம், மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை சேர்த்துப் பாருங்கள். இரண்டு முறையும் எரிந்தால் அது உங்கள் எதிரி. ஒரு முறை மட்டும் எரிந்தால் அன்று வேறு என்ன நடந்தது என்று நோட்டைப் பாருங்கள். பெரும்பாலும் அன்று சாப்பாடு பெரிதாக இருந்திருக்கும், இல்லாவிட்டால் தாமதமாகி இருக்கும்.

---

இரவுவிழிப்பு:

நேரக் கணக்கு மண்டையில் அடித்தது போல இருக்கிறது. நன்றி. பால், சோடா, வினிகர், சூயிங்கம் இவற்றைப் பற்றியும் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்தியதும் ஏன் மோசமானது என்பதும் புரியவில்லை. நோய் முற்றிவிட்டதா?

---

மருந்துப்பெட்டி:

முற்றலைங்க, பயப்படாதீங்க. அமிலச் சுரப்பைப் பல வாரம் அடக்கி வச்சா, உடம்பு 'அமிலம் போதலை'ன்னு நினைச்சு சுரக்கத் தூண்டுற ஹார்மோனைக் கூட்டிக்கிட்டே இருக்கும். மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினதும் அணை உடைஞ்ச மாதிரி சுரக்கும். டென்மார்க்கில் நெஞ்செரிச்சலே இல்லாத 120 பேரை வச்சு இதைப் பார்த்தாங்க, 2009-ல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு 8 வாரம் ஈசோமெப்ரசோல் (உங்க மாத்திரையோட அதே வகை) கொடுத்து நிறுத்தினாங்க. அவங்கள்ல 44% பேருக்கு அடுத்த வாரங்கள்ல நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு, அஜீரணம்னு ஏதாவது ஒண்ணு வந்துச்சு. வெற்று மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 15% பேருக்குத்தான். ஆரோக்கியமானவங்களுக்கே இப்படின்னா உங்களுக்கு வந்ததை வச்சு நோய் கூடிருச்சுன்னு முடிவு கட்டக் கூடாது. சில வாரத்துல அடங்கும். அடுத்த தடவை நிறுத்தும்போது டாக்டர்கிட்ட கேட்டுப் படிப்படியாக் குறைங்க. 40-லிருந்து 20, அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள்னு இறங்குறது வழக்கம். இன்னொண்ணு, இந்த வகை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிஷம் முன்னாடி போடணும். சாப்பிட்டு முடிச்சுப் போட்டா வேலை பாதிதான்.

இப்போ வீட்டு வைத்தியம். பால் அமிலத்தைக் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கும், அதான் அந்த இதம். ஆனா அதுல இருக்குற புரதமும் கால்சியமும் இரைப்பையை மறுபடி சுரக்கச் சொல்லும், கொழுப்பு காலியாகிறதைத் தாமதப்படுத்தும். நீங்க தூங்கின பிறகு பில் வருது, அவ்வளவுதான். பால் வேணும்னா சாயங்காலம் குடிங்க.

சமையல் சோடா வேலை செய்யும், பொய்யில்லை. அரை டீஸ்பூன், 120 மி.லி. தண்ணியில முழுசாக் கரைச்சு, மெதுவாக் குடிக்கணும். ஆனா அரை டீஸ்பூன்ல மட்டும் சுமார் 600 மி.கி. சோடியம் இருக்கு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே 2,000 மி.கி.க்குக் கீழேன்னு சொல்லுது. ரத்தக்கொதிப்பு, இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் இதுல எது இருந்தாலும் தொடாதீங்க. அமிலத்தோட சேர்ந்ததும் கார்பன் டை ஆக்சைடு பொங்கும். வயிறு முட்டச் சாப்பிட்ட உடனே குடிச்சு இரைப்பையே கிழிஞ்ச சம்பவங்கள் மருத்துவ இலக்கியத்துல இருக்கு. அரிதுதான், ஆனா ஏன் வம்பு? எப்போவாவது ஒருநாள், அதுவும் வயிறு நிறைஞ்சிருக்காதப்போ. தினசரிப் பழக்கம் வேண்டாம். மத்த மருந்துக்கும் இதுக்கும் 2 மணி நேரம் இடைவெளி விடுங்க.

ஆப்பிள் வினிகர் வேண்டாம். 'அமிலம் குறைவா இருக்குறதாலதான் நெஞ்செரிச்சல் வருது'ங்கிற கதையை நம்பித்தான் குடிக்கிறாங்க. அதுக்கு ஆதாரம் இல்லை. அமிலத்தை அடக்குற மாத்திரையில உங்களுக்கு நிம்மதி கிடைச்சுதே, அது ஒண்ணு போதும் அந்தக் கதையை மறுக்க. புண்பட்ட உணவுக்குழாய் வழியா வினிகரை இறக்கினா எரியும், பல் எனாமலும் கரையும். 'சோடா குடிச்சு எத்தனை நிமிஷத்துல ஏப்பம் வருதுன்னு பாரு'ன்னு ஒரு சோதனை சுத்துது, அதுலயும் ஒண்ணும் இல்லை.

இஞ்சி கொஞ்சமா இருந்தா குமட்டலுக்கு நல்லது. அளவு ஏறினா அதுவே நெஞ்சை எரிக்கும். அதிமதுரம் 'இயற்கை'ங்கிற பேர்ல தினமும் சாப்பிட்டா ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். நீர் பிரியிற மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு ரொம்ப ஆபத்து.

இயற்கையாத்தான் வேணும்னா எனக்குப் பிடிச்சது ஆல்ஜினேட். பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்குறது, மருந்துக் கடையில திரவமாக் கிடைக்கும். சாப்பிட்ட பிறகு இரைப்பைக்குள்ள உணவுக்கு மேல புது அமிலம் ஒரு படலமா மிதக்கும், வாசலுக்கு நேர் கீழே. ஆல்ஜினேட் அமிலத்துல பட்டதும் கூழாகி அந்த இடத்துலயே மூடி மாதிரி மிதக்கும். அதனால சாப்பிட்ட பிறகும், படுக்குறதுக்கு முன்னாடியும்தான் குடிக்கணும். வெறும் வயித்துல குடிச்சா மிதக்க ஒண்ணும் இருக்காது, சீக்கிரம் வெளியேறிடும். குடிச்ச உடனே ஒரு சொம்புத் தண்ணி குடிக்கிறதும் தப்பு, மூடியைக் கலைச்சுவிட்டுரும். பாட்டிலில் இருக்குற அளவைப் பாருங்க. இதுலயும் சோடியம் உண்டு.

கடைசியா, வேற எதுக்காவது மாத்திரை சாப்பிடுறீங்களான்னு நீங்க சொல்லலை. ஆம்லோடிபின், நிஃபெடிபின் மாதிரி ரத்தக்கொதிப்பு மாத்திரைங்க, இதய வலிக்கான நைட்ரேட், சில மனஅழுத்த மாத்திரைங்க இதெல்லாம் வாசல்தசையை இளக்கும். வலி மாத்திரைகளான ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின், டாக்சிசைக்ளின்ங்கிற ஆன்டிபயாட்டிக், இரும்புச்சத்து, எலும்புத் தேய்மானத்துக்கான அலெண்ட்ரோனேட் இதெல்லாம் நேரடியா எரிக்கும். தானா நிறுத்திராதீங்க, மாத்த முடியுமான்னு கேளுங்க. எந்த மாத்திரையையும் ஒரு முழு டம்ளர் தண்ணியோட உட்கார்ந்து விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காம இருங்க. படுக்கையில சாய்ஞ்சுகிட்டே ஒரு வாய்த் தண்ணியில விழுங்கினா மாத்திரை பாதி வழியில ஒட்டிக்கும். அதுவும் நெஞ்செரிச்சல் மாதிரியேதான் தெரியும்.

---

அடிமூச்சு:

சூயிங்கம் விட்டுப்போயிற்று. சாப்பிட்டு முடித்ததும் 30 நிமிடம் மென்றால் எச்சில் பெருகும், விழுங்குவது கூடும், ஏறிய அமிலம் சீக்கிரம் இறங்கும். சர்க்கரை இல்லாததாக, புதினா வாசனை இல்லாததாக இருக்க வேண்டும். கடைகளில் புதினா இல்லாததைத் தேடுவதுதான் சிரமம்! ஏப்பமும் உப்புசமும் அதிகம் உள்ளவர்கள் மெல்லும்போது காற்றையும் சேர்த்து விழுங்குவார்கள், அவர்களுக்கு இது சரிப்படாது.

நான் சொல்ல வந்தது மூச்சு. வாசல்தசையை வெளியிலிருந்து கவ்வுவது உதரவிதானம் என்று மரப்பலகை சொன்னார். உள்தசை நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாது. உதரவிதானமோ பயிற்சி கொடுத்தால் வலுப்படும் தசை. 4 வாரம் தினமும் 30 நிமிடம் வயிற்றுமூச்சுப் பயிற்சி செய்தவர்களுக்கு அமிலம் படும் நேரம் குறைந்ததாக 2012-ல் ஆய்வு வந்திருக்கிறது. சிறிய ஆய்வுதான், ஆனால் பக்கவிளைவு இல்லாத விஷயம்.

செய்முறை: சாப்பிட்டு 3 மணி நேரமாவது ஆன பிறகு மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். ஒரு கை மார்பில், ஒரு கை தொப்புளுக்கு மேலே. மூக்கு வழியாக 4 எண்ணும்வரை இழுக்கும்போது வயிற்றிலுள்ள கை மட்டும் எழ வேண்டும். உதட்டைக் குவித்து 6 எண்ணும்வரை விடுங்கள். மார்புக் கை எழுந்தால் மூச்சை அதிகமாக இழுக்கிறீர்கள் என்று பொருள், பாதியாகக் குறையுங்கள். மூச்சை அடக்கி வைக்காதீர்கள், அது வயிற்றழுத்தத்தைக் கூட்டும். 5 நிமிடத்தில் ஆரம்பித்து வாரம் 5 நிமிடமாக ஏற்றலாம். தலை கிறுகிறுத்தால் வேகம் அதிகம். படுத்தபடி வசப்பட்டதும், சாப்பிட்ட பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து 10 நிமிடம் செய்யுங்கள். ஓயாமல் ஏப்பம் விடும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தப் பத்து நிமிடம்தான் அதிகம் உதவும்.

இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு சாப்பிட உட்காராதீர்கள். உட்கார்ந்த நிலையில் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். சாப்பிட்டு 2 மணி நேரம் குனிந்து தரை துடைப்பது, தோட்ட வேலை, பாரம் தூக்குவது, வயிற்றுத்தசைப் பயிற்சி எதுவும் வேண்டாம். எடுக்கத்தான் வேண்டும் என்றால் இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி எடுங்கள். மெதுவாக 15 நிமிடம் நடப்பது நல்லது, ஓடுவது வேண்டாம். மலச்சிக்கலில் முக்குவதும் இதே அழுத்தம்தான், நார்ச்சத்தைக் கூட்டுங்கள்.

தொப்பை இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் நீண்ட கால நோக்கில் வேறு எதையும்விடப் பலன் தருவது அதுதான். அமெரிக்கச் செவிலியர்களிடம் எடுத்த பெரிய ஆய்வு ஒன்று 2006-ல் வந்தது. உடல்நிறைக் குறியீடு (BMI, உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 3.5-க்கு மேல் குறைந்தவர்களுக்கு அடிக்கடி நெஞ்செரிச்சல் வரும் வாய்ப்பு சுமார் 40% குறைந்திருந்தது. 170 செ.மீ. உயரமானவருக்கு அது 10 கிலோ. பட்டினி கிடந்து குறைக்கப் போய், பிறகு ஒரே வேளையில் அள்ளித் தின்பவர்களுக்கு எடை இறங்கும்போதே எரிச்சல் ஏறும். மெதுவாக இறக்குங்கள்.

---

மருந்துப்பெட்டி:

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், இதை யாரும் சும்மா படிச்சுட்டுப் போயிடாதீங்க. விழுங்கும்போது உணவு சிக்குது, விழுங்கினா வலிக்குது, காரணமில்லாம எடை குறையுது, வாந்தியில ரத்தம் அல்லது காப்பித்தூள் மாதிரி, மலம் தார் மாதிரி கறுப்பு, ரத்தசோகை, வாந்தி நிக்கலை. இதுல எது இருந்தாலும் கட்டிலை உயர்த்திப் பார்த்துக்கிட்டு இருக்கக் கூடாது, உடனே டாக்டர். நெஞ்சுல இறுக்கமா, இடது கை, தாடை, முதுகுன்னு பரவி, வியர்வை, மூச்சுத் திணறலோட வந்தா, நடந்தா கூடி நின்னா குறைஞ்சா, அதை நெஞ்செரிச்சல்னு நினைச்சு சோடா கரைக்காதீங்க, நேரா அவசர சிகிச்சைக்குப் போங்க. 5 வருஷத்துக்கு மேல தொடர்ந்து எதுக்களிப்பு இருக்குற 50 வயசு தாண்டின ஆண்கள், புகைப் பழக்கமோ தொப்பையோ இருந்தா, ஒருதடவை எண்டோஸ்கோபி தேவையான்னு கேட்டுக்கங்க. உணவுக்குழாயின் உட்புறம் மாறிப்போற பாரட் நிலை வலியே இல்லாமலும் இருக்கும்.

---

இரவுவிழிப்பு:

நீங்கள் சொன்ன அபாய அறிகுறி எதுவும் இல்லை. வேறு மாத்திரையும் இல்லை. தொப்பை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். இன்று முதல் சாப்பாட்டை இரண்டாக உடைக்கிறேன், பாலை மாலைக்கு மாற்றுகிறேன். ஒரே ஒரு சந்தேகம்: கட்டில் இரண்டு பேர் படுக்கும் பெட்டிக் கட்டில், கால் இல்லை. துணைவருக்குச் சாய்ந்து படுப்பது பிடிக்காது. என்ன செய்வது? எத்தனை நாளில் பலன் தெரியும்?

---

மரப்பலகை:

உங்கள் பக்கத்துக்கு மட்டும் ஆப்பு வடிவ நுரை மெத்தை போடுங்கள். உயரப் பக்கம் 20 செ.மீ., நீளம் குறைந்தது 60 செ.மீ., 75 இருந்தால் இன்னும் நல்லது. நீளம் குறைந்தால் முதுகின் நடுவில் முடிந்து, தலையணை அடுக்கிய அதே மடிப்பு வந்துவிடும். சரிவின் கீழ்முனை இடுப்பெலும்பு வரை வர வேண்டும், சோதிக்க அதுதான் அளவு. 60 செ.மீ. நீளத்தில் சாய்வு 18, 19 பாகை வரும், கட்டிலை உயர்த்துவதைவிடச் செங்குத்து. அதனால் மேலே மெல்லிய தலையணை ஒன்றுக்கு மேல் வைக்காதீர்கள். சறுக்கினால் ஆப்புக்கு அடியில் வழுக்காத விரிப்பு, தொடைக்கு அடியில் சுருட்டிய துண்டு. நுரை கெட்டியாக இருக்கட்டும். கையால் நடுவில் அழுத்தினால் மூன்று விரல் ஆழத்துக்கு மேல் போகிற நுரை, இரவு முழுதும் உடம்பு பாரத்தில் பாதி உயரமாகிவிடும்.

இரண்டு பேர் படுப்பதில் ஒரு வசதி உண்டு. துணைவர் உங்களுக்கு வலப்பக்கம் படுத்தால் நீங்கள் வலப்பக்கம் புரள்வது தானாகக் குறையும். இடம் மாற்றிப் படுத்துப் பாருங்கள்.

பலனுக்கு 2 வாரம் கொடுங்கள். நீங்கள் மாத்திரை நிறுத்தி அதிக நாள் ஆகவில்லை என்றால் 4 வாரம், ஏனென்றால் மருந்துப்பெட்டி சொன்ன அந்த மீள்சுரப்பு நடுவில் கணக்கைக் குழப்பும். வாரம் நான்கு இரவு என்பது ஒன்றாகக் குறைந்தால் அரைவயிறு சொன்ன உணவுச் சோதனைக்குப் போகலாம். இத்தனையும் ஒழுங்காகச் செய்து நோட்டில் எண் அசையவே இல்லை என்றால் நோட்டோடு மருத்துவரிடம் போங்கள், 24 மணி நேர அமில அளவீட்டைப் பற்றிக் கேளுங்கள். எரிகிற நேரத்தில் உண்மையிலேயே அமிலம் ஏறுகிறதா, அல்லது அமிலம் இல்லாமலே நரம்பு கூசுகிறதா என்று அதில் தெரியும். இரண்டாவது வகைக்கு ஆப்பு மெத்தையும் மாத்திரையும் எவ்வளவு ஏற்றினாலும் கேட்காது, மருத்துவமே வேறு.

---

அரைவயிறு:

நோட்டில் இன்னொரு கட்டம் சேருங்கள்: இரவுச் சாப்பாட்டை எத்தனை நிமிடத்தில் முடித்தீர்கள் என்று. 10 நிமிடத்துக்குக் கீழே இருக்கும் நாள்களை வட்டமிட்டு வையுங்கள்.